ஊசி போட்ட கால்

எங்கள் ஊரான மகாராஜபுரத்தில் என்னோடு படித்த ஒருவன் வலது தொடையில் கையை ஊன்றியபடி நடப்பான். ஒவ்வொரு அடிக்கும் உடம்பு ஒரு பக்கம் குனிந்து நிமிரும். வத்திராயிருப்பை ஒட்டி, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் ஊர் அது. சதுரகிரி மலையேறுகிறவர்கள் எங்கள் ஊர் வழியாகத்தான் தாணிப்பாறைக்குப் போவார்கள். ஆடி அமாவாசையன்று சிறுவர்கள் நாங்களும் அந்தக் கூட்டத்தோடு அடிவாரம் வரை நடப்போம். அவன் ஊர் எல்லை வரை வந்துவிட்டு, நாங்கள் திரும்பும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பான்.

அவனுடைய அம்மாவை நான் பெரியம்மா என்று அழைப்பேன். உறவு ஒன்றுமில்லை, தெருவுக்குள் அப்படித்தான். பிள்ளையின் காலைப் பற்றி யார் விசாரித்தாலும் அவர் சொல்வது ஒன்றே. "காய்ச்சலா இருக்குன்னு ஊசி போட்டேன்ப்பா. ஊசி போட்ட கால்தான் போச்சு." அந்தப் பேச்சுக்குப் பின்னால் அவர் சொல்லாத இன்னொன்றும் இருந்தது: தூக்கிக்கொண்டு போனவள் நான்தானே!

கல்லூரியில் கொஞ்சம் விஞ்ஞானம் படித்துவிட்டு விடுமுறைக்கு வந்த நாட்களில், இதைக் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று நான் தீர்மானித்துவிட்டேன். இளம்பிள்ளை வாதம் ஒரு வைரஸால் வருவது, அது வாய் வழியாகக் குடலுக்குள் நுழைவது, ஊசிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? காய்ச்சல் முதலில் வந்தது, ஊசி நடுவில் வந்தது, கால் கடைசியில் போனது. நடுவில் வந்த பாவத்துக்காக ஊசி பழி சுமக்கிறது என்று பெரியம்மாவிடமே விளக்கவும் செய்தேன். அவர் பதில் பேசாமல் கேட்டுக்கொண்டார்.

பல ஆண்டுகள் கழித்து இந்நோயின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கியபோதுதான், அன்று அரைகுறையாய்ப் பேசியவன் நான் என்பது புரிந்தது. பெரியம்மா சொன்னது முழு உண்மையில்லை. ஆனால் அதில் இருந்த உண்மை, மருத்துவ உலகம் 1950லேயே அறிந்து, பிறகு ஏறக்குறைய மறந்துவிட்ட ஒன்று. அதை மீண்டும் நினைவுபடுத்தியதில் புதுச்சேரிக்குப் பங்குண்டு. இந்த நோயை இந்தியாவிலிருந்து விரட்டிய வழிமுறையில் வேலூருக்குப் பங்குண்டு. இவ்விரு ஊர்களின் கதையையும் சேர்த்துச் சொல்லாமல் அந்தக் காலின் கதையைச் சொல்ல முடியாது.

*

முதலில் நோயைப் பார்ப்போம்.

போலியோ வைரஸ் மிகச் சிறியது. குறுக்களவு சுமார் 30 நானோமீட்டர். ஒரு புரத உறை, அதற்குள் ஒற்றை இழை ஆர்.என்.ஏ., அவ்வளவுதான். மூன்று வகைகள் உண்டு. ஒன்றுக்கு எதிரான எதிர்ப்புச் சக்தி மற்றொன்றிடமிருந்து காப்பாற்றாது. இயற்கையில் இதற்கு மனிதனைத் தவிர வேறு நிலையான இருப்பிடம் கிடையாது. இதை ஒழித்துவிட முடியும் என்ற நம்பிக்கைக்கே அடிப்படை இதுதான்.

பரவும் வழி எளியது, சொல்லக் கூச்சப்படவேண்டியது. தொற்றிய குழந்தையின் மலத்தில் வைரஸ் வாரக்கணக்கில் வெளியேறும். அது கைகளிலும் நீரிலும் ஈக்களின் கால்களிலும் ஏறி அடுத்த குழந்தையின் வாயை வந்தடையும். நோயின் ஆரம்ப நாட்களில் தொண்டையிலும் வைரஸ் இருப்பதால் எச்சில் வழியாகவும் பரவலாம். எங்கள் ஊரில் அன்று கழிப்பறை உள்ள வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஓடைக்கரையே ஊருக்குக் கழிப்பிடம். மழை பெய்து மலையிலிருந்து தண்ணீர் இறங்கினால் நாங்கள் குதித்து விளையாடியதும் அதே ஓடையில்தான். அந்த வைரஸைச் சந்திக்காமல் மூன்று வயதைத் தாண்டிய பிள்ளை எங்கள் தெருவில் இருந்திருக்க வாய்ப்பில்லை.

அப்படியானால் ஏன் எல்லாருடைய காலும் போகவில்லை? இந்த நோயின் மிகப் பெரிய சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. தொற்றியவர்களில் பெரும்பான்மையோருக்கு ஒன்றுமே தெரியாது. சிலருக்கு இரண்டு நாள் காய்ச்சல், தொண்டை வலி, வயிற்றுப்போக்கு. ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கு மட்டுமே வைரஸ் குடலைவிட்டு வெளியேறி, இரத்தத்தில் கலந்து, நரம்பு மண்டலத்தை எட்டி, வாதத்தை உண்டாக்குகிறது. மீதி 199 பேரும் நலமாக ஓடியாடிக்கொண்டே அதைப் பரப்புகிறார்கள். ஒரு கால் முடங்கிய தெருவில் வைரஸ் ஏற்கெனவே பல நூறு வீடுகளுக்குள் போய் வந்துவிட்டது என்று பொருள்.

நரம்பு மண்டலத்தில் அது தேடிப் போகும் இடமும் குறிப்பானது. தண்டுவடத்தைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால் நடுவே சாம்பல் நிறத்தில் வண்ணத்துப்பூச்சியைப் போன்ற ஒரு வடிவம் தெரியும். அதன் முன்பக்கச் சிறகுகளில்தான் தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் இருக்கின்றன. வைரஸ் கொல்வது அவற்றை. போலியோ என்ற பெயரே சாம்பல் நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். தொடு உணர்வைச் சுமக்கும் நரம்புகள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. ஆகவே கால் அசையாது, ஆனால் கிள்ளினால் வலிக்கும். கட்டளை வராத தசை சில மாதங்களில் சூம்பிவிடும். எலும்பும் மற்றக் காலோடு சேர்ந்து வளராது. மூச்சை இயக்கும் தசைகள் முடங்கினால் உயிர் போகும். வாதம் கண்டவர்களில் 5 முதல் 10 விழுக்காட்டினர் அப்படி இறந்தார்கள்.

என் நண்பன் தொடையில் கையூன்றி நடந்ததன் காரணமும் இதில் அடங்கியிருக்கிறது. முழங்காலை நிமிர்த்தி நிறுத்துவது தொடையின் முன்பக்கப் பெருந்தசை. அது செத்துவிட்டால், உடம்பின் பாரம் விழுந்தவுடன் முழங்கால் மடிந்துவிடும். எனவே அந்தத் தசை செய்யவேண்டிய வேலையைக் கை செய்கிறது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் குழந்தைகள் தாமாகவே கண்டுபிடித்துக்கொண்ட நடை அது. தமிழ்நாட்டில் எந்த ஊர்ப் பேருந்து நிலையத்திலும் ஒரு காலத்தில் அந்த நடையைக் காண முடிந்தது.

*

இந்நோய் பழையது. கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் உள்ள பண்டைய எகிப்தியக் கற்பலகை ஒன்றில், சூம்பிய ஒற்றைக் காலோடு கோலூன்றி நிற்கும் ஒருவரின் உருவம் செதுக்கப்பட்டுள்ளது. அது இளம்பிள்ளை வாதமாகவே இருக்கவேண்டும் என்பது பலருடைய கருத்து. மருத்துவ நூல்களில் தெளிவான முதல் விவரிப்பை 1789இல் லண்டனைச் சேர்ந்த மைக்கேல் அண்டர்வுட் எழுதினார். 1840இல் ஜெர்மானியரான ஹைனே இதைத் தனி நோயாக இனங்கண்டார். 1905இல் ஸ்வீடனில் பெரிய அளவில் பரவியபோது, வீக்மன் என்ற மருத்துவர் வீடு வீடாகப் போய் விசாரித்து, வாதம் வராதவர்களும் நோயைப் பரப்புகிறார்கள் என்பதைக் கண்டறிந்தார். 1908இல் வியன்னாவில் லாண்ட்ஸ்டைனரும் பாப்பரும் இது வைரஸால் வருவது என்று நிறுவினர்.

இதற்குப் பிறகு வரலாற்றில் ஒரு முரண் தலைகாட்டுகிறது. ஊர் சுத்தமாகச் சுத்தமாக மற்ற குடல் நோய்கள் குறைந்தன. போலியோ மட்டும் பெருகியது. 1916இல் அமெரிக்காவில் சுமார் 27,000 பேருக்கு வாதம் கண்டது, 6,000 பேர் இறந்தனர். 1952இல் அதே நாட்டில் 57,000க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். அசுத்தமான சூழலில் குழந்தை பிறந்த சில மாதங்களுக்குள்ளேயே வைரஸைச் சந்தித்துவிடும். தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புச் சக்தி அப்போது இன்னும் உடம்பில் இருப்பதால் பெரும்பாலும் தப்பிவிடும். சுத்தமான ஊர்களில் அந்தச் சந்திப்பு தள்ளிப்போய், கவசம் கரைந்த பிறகு, பள்ளி வயதிலோ வாலிபத்திலோ நிகழ்ந்தது. பிற்காலத்தில் அமெரிக்க அதிபரான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1921இல் கால்களை இழந்தபோது அவருக்கு வயது 39.

இந்த முரணை வைத்துக்கொண்டு இன்னொரு தவறான முடிவுக்கும் வந்தார்கள். போலியோ பணக்கார நாடுகளின் நோய், இந்தியா போன்ற நாடுகளில் அது ஒரு பிரச்சினையே இல்லை என்பது அது. ஆனால் இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவுக்கும் மத்தியக் கிழக்குக்கும் வந்த ஐரோப்பியச் சிப்பாய்கள் போலியோவில் விழுந்தார்கள். வைரஸ் இங்கே எங்கும் நிறைந்திருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. பெருவாரி நோயாக ஒரே நேரத்தில் வந்திருந்தால் பத்திரிகைகள் எழுதியிருக்கும். ஒவ்வொரு தெருவிலும் ஆண்டுக்கு ஒன்று என்று சிதறி வந்ததால் யாரும் எண்ணவில்லை. தவழ்ந்து செல்லும் பிள்ளையை மருத்துவமனைக் கணக்கில் தேடினால் கிடைக்காது. 1970களிலும் 80களிலும் பள்ளிகளுக்கும் கிராமங்களுக்கும் சென்று சூம்பிய கால்களை நேரில் எண்ணிய பிறகே உண்மை தெரிந்தது. இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் குழந்தைகள் முடங்கிக்கொண்டிருந்தார்கள் என்பது பின்னாளைய மதிப்பீடு.

அந்த எண்ணிக்கை ஏன் அவ்வளவு உயர்ந்தது? ஏழைக் குழந்தைகள் சீக்கிரமே தொற்றுக்கு ஆளாகித் தப்பிவிடுகிறார்கள் என்றால் இத்தனை கால்கள் எப்படிப் போயின? அந்தக் கேள்விக்கான விடையின் ஒரு பகுதியில்தான் ஊசி வருகிறது.

*

1949இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் போலியோ பரவியபோது, மெக்கிளாஸ்கி என்ற மருத்துவர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். கக்குவான், தொண்டை அடைப்பான் நோய்களுக்கு எதிரான தடுப்பூசியைச் சமீபத்தில் போட்டுக்கொண்ட குழந்தைகளுக்கு, எந்தக் கையில் அல்லது காலில் ஊசி போடப்பட்டதோ அந்த உறுப்பிலேயே வாதம் காண்பது அதிகமாக இருந்தது. அதே காலத்தில் லண்டனிலும் சில மருத்துவர்கள் இதைக் கண்டார்கள். புள்ளியியல் அறிஞரான பிராட்ஃபோர்டு ஹில், நோல்டன் என்பவருடன் சேர்ந்து 1949ஆம் ஆண்டின் இங்கிலாந்து நோயாளிகளை ஆராய்ந்தார். ஊசி போட்ட ஒரு மாதத்துக்குள் நோய் கண்டவர்களிடம் இந்தத் தொடர்பு உண்மையானது என்று 1950இல் அவர்கள் வெளியிட்டார்கள். புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ரிச்சர்ட் டாலுடன் இணைந்து எழுதிய அதே ஹில்தான், அதே ஆண்டுதான்.

ஊசியில் வைரஸ் இருக்கவில்லை. வைரஸ் ஏற்கெனவே குழந்தையின் உடம்பில் இருந்தது, பெரும்பாலும் சத்தமில்லாமல் வந்துபோக இருந்த விருந்தாளியாக. ஊசி தசையில் ஏற்படுத்திய காயம், இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருந்த வைரஸுக்கு நரம்பின் வழியே ஒரு பாதையைத் திறந்துவிட்டது. இதற்கு 'தூண்டப்பட்ட போலியோ' என்று பெயரிட்டார்கள். போலியோ பரவும் மாதங்களில் அவசரமில்லாத ஊசிகளைத் தள்ளிப்போடுமாறு மேலை நாடுகளில் மருத்துவர்கள் அறிவுறுத்தப்பட்டனர். பிறகு தடுப்பு மருந்து வந்தது. 1955இல் சால்க்கின் ஊசி மருந்து, அதைத் தொடர்ந்து சாபினின் சொட்டு மருந்து. போலியோவே மறைந்த நாடுகளில் இந்த எச்சரிக்கையும் மறைந்துபோனது.

நம் ஊர்களில் நடந்தது இதற்கு நேர் எதிர். நோய் குறையவில்லை. ஊசிதான் பெருகியது. ஊசி போடாத டாக்டர் டாக்டரே இல்லை என்ற எண்ணம் வேரூன்றிய காலம் அது. மாத்திரை எழுதிக்கொடுத்தால் நோயாளி திருப்தியில்லாமல் அடுத்த வைத்தியரைத் தேடிப் போவார். படித்த டாக்டர், கம்பவுண்டராக இருந்து தொழில் பழகிக்கொண்டவர் என்ற வித்தியாசம் இல்லாமல், காய்ச்சல் என்று வந்த குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்து இடுப்பில் குத்தி அனுப்பினார்கள். அந்தக் காய்ச்சல்களில் பல தாமாகவே இறங்கியிருக்கும். ஒரு சில, போலியோ வைரஸின் முதற்கட்டக் காய்ச்சலாக இருந்தன.

இதைப் புதுச்சேரியின் ஜிப்மர் மருத்துவமனையில் குழந்தை நல மருத்துவர்கள் கண்கூடாகக் கண்டார்கள். மகாதேவன், ஸ்ரீனிவாசன் ஆகியோர் பிரிட்டனைச் சேர்ந்த எச்.வி. வயாட்டுடன் இணைந்து 1992இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே 'தேவையற்ற ஊசிகளும் இந்தியாவில் போலியோ வாதமும்' என்ற பொருள்படுவது. வாதம் கண்டு வந்த குழந்தைகளில் பலருக்கு, அதற்குச் சற்று முன் காய்ச்சலுக்காக ஊசி போடப்பட்டிருந்தது. வயாட் இரண்டு நிலைகளைப் பிரித்துக் காட்டினார். ஒன்று, வாதமே வராமல் போயிருக்கக்கூடிய குழந்தைக்கு ஊசி அதை வரவழைப்பது. மற்றொன்று, எப்படியும் வரவிருந்த வாதத்தை, காய்ச்சல் நேரத்தில் போட்ட ஊசி இன்னும் கடுமையாக்குவது.

ஐயங்கள் இல்லாமல் இல்லை. இடம் தவறிப் போட்ட ஊசி இடுப்பு நரம்பையே நேரடியாகக் காயப்படுத்திக் காலைப் பலவீனமாக்குவதும் உண்டு, அது வேறு நோய். ஆனால் 1995இல் ருமேனியாவிலிருந்து வந்த ஓர் ஆய்வு, சொட்டு மருந்து குடித்த ஒரு மாதத்துக்குள் பலமுறை தசையில் ஊசி போடப்பட்ட குழந்தைகளுக்கு, மருந்திலிருந்த வைரஸாலேயே வாதம் வரும் அபாயம் பன்மடங்கு கூடியதைக் காட்டியது. 1998இல் அமெரிக்காவில் குரோமையரும் விம்மரும், மனித வைரஸ் தொற்றும்படி மாற்றப்பட்ட எலிகளில் சோதனை செய்து செயல்முறையையே விளக்கினர். தசையில் காயம் பட்டால், அத்தசையை இயக்கும் நரம்பிழையின் வழியே வைரஸ் பின்னோக்கி ஏறித் தண்டுவடத்தை அடைவது எளிதாகிறது. எந்தத் தசையில் காயமோ, அந்தத் தசைக்குரிய நரம்பணு சாகிறது.

ஊசி போட்ட கால்தான் போச்சு.

பெரியம்மா சொன்ன அந்தச் சொற்களை இந்த ஆய்வுகளுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. நான் மூடநம்பிக்கை என்று நினைத்தது, கவனித்த ஒரு தாயின் சாட்சியம். அவருக்குத் தெரியாதது, ஊசிக்கு முன்பே வைரஸ் உள்ளே இருந்தது என்பது மட்டும்தான். அதை அன்று எங்கள் பகுதியில் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சொன்ன ஒருவனும் பாதியை மட்டும் சொன்னான்.

*

இனி வேலூர்.

இந்தியாவின் விரிவாக்கப்பட்ட தடுப்பு மருந்துத் திட்டம் 1978இல் தொடங்கியது, போலியோ சொட்டு மருந்து அடுத்த ஆண்டு அதில் சேர்ந்தது. மேலை நாடுகளில் மூன்று தவணை கொடுத்தால் அநேகமாக எல்லாக் குழந்தைகளுக்கும் எதிர்ப்புச் சக்தி உருவானது. இங்கும் அதே மூன்று தவணை போதும் என்று கணக்கிட்டார்கள். ஆனால் இந்தக் கணக்கு தவறு என்பதை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் டி. ஜேக்கப் ஜான் திட்டம் தொடங்குவதற்கு முன்பே காட்டியிருந்தார். ஜெயபால் என்பவருடன் சேர்ந்து அவர் 1972இல் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று தவணை குடித்த பிறகும் வேலூர்க் குழந்தைகளில் கணிசமானோருக்கு எதிர்ப்புச் சக்தி உருவாகவில்லை. மருந்து வெப்பத்தில் கெட்டுவிட்டது என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. முறையாகக் குளிர்ச்சியில் வைத்த மருந்துதான் கொடுக்கப்பட்டது. ஏற்கெனவே பல கிருமிகள் குடியிருக்கும் வெப்பமண்டலக் குழந்தையின் குடலில் அந்த மருந்து சரியாகப் பிடிக்கவில்லை.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் பிறந்தன. ஒன்று, தவணைகளை அதிகரிக்கவேண்டும். மற்றொன்று, ஒவ்வொரு குழந்தைக்கும் அதனதன் பிறந்தநாள் கணக்கில் தனித்தனியாகக் கொடுப்பதைவிட, ஓர் ஊரின் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே நாளில் கொடுத்துவிடவேண்டும். மருந்து வைரஸ் ஒரே சமயத்தில் ஊரிலுள்ள எல்லாக் குடல்களையும் நிறைத்துவிட்டால், நோய் வைரஸுக்கு நுழைய இடமிருக்காது. ரோட்டரி சங்கத்தின் துணையோடு வேலூர் நகரில் இது 1980களின் தொடக்கத்தில் செய்துபார்க்கப்பட்டது. 1983இல் ஜானும் சகாக்களும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அதன் முடிவுகளை வெளியிட்டனர். நாடித்துடிப்பைப் போலக் குறித்த இடைவெளியில் அடித்து அடங்கும் முறை என்பதால் இதற்குப் 'பல்ஸ்' என்று பெயர். பிற்காலத்தில் நாடு முழுவதும் பரிச்சயமான 'பல்ஸ் போலியோ' என்ற சொல்லின் தொடக்கங்களில் ஒன்று வேலூரின் தெருக்களில் இருக்கிறது. கியூபாவும் பிரேசிலும் ஒரே நாளில் கொடுக்கும் முறையை அதற்கு முன்பே நாடளவில் கையாண்டு வெற்றி பெற்றிருந்தன என்பதையும் சொல்லவேண்டும்.

1988இல் உலக சுகாதார அமைப்பின் பேரவை போலியோவை உலகிலிருந்தே ஒழிப்பதென்று தீர்மானித்தது. இந்தியாவில் தேசிய அளவிலான முதல் சொட்டு மருந்து நாள் 1995 டிசம்பரில் நடந்தது. பள்ளிக்கூடங்களிலும் பேருந்து நிலையங்களிலும் மேசை போட்டு, குளிர்பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அங்கன்வாடி ஊழியர்களையும் செவிலியர்களையும் நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். இரண்டு சொட்டு, பிறகு இடது கைச் சுண்டுவிரலில் மை. சதுரகிரிக்குக் கூட்டம் போகும் வழியில் குழந்தைகளை நிறுத்தி வாயில் சொட்டு விட்ட ஒரு காட்சியை நானே கண்டேன். தமிழ்நாட்டில் 2004க்குப் பிறகு போலியோ வாதம் பதிவாகவில்லை.

வடக்கில் அது அவ்வளவு எளிதாக இல்லை. 2009இல்கூட இந்தியாவில் 741 குழந்தைகள் முடங்கினர். உலக எண்ணிக்கையில் அது ஏறத்தாழ பாதி. உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் பத்துத் தவணைக்கு மேல் குடித்த குழந்தைகளுக்கும் வாதம் வந்தது. மக்கள் மருந்தைச் சந்தேகித்தார்கள். வேலூரில் 1972இல் கண்ட அதே உண்மைதான், இன்னும் நெரிசலான, இன்னும் அசுத்தமான சூழலில் இன்னும் கடுமையாக வெளிப்பட்டது. 2010 தொடக்கத்தில், மூன்றுக்குப் பதிலாக இரண்டு வகை வைரஸ்களை மட்டும் கொண்ட, கூடுதல் வீரியமுள்ள சொட்டு மருந்து வந்தது. அந்த ஆண்டு எண்ணிக்கை 42ஆகக் குறைந்தது. 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு பெண்குழந்தைக்கு வாதம் கண்டது. இயற்கை வைரஸால் இந்தியாவில் முடங்கிய கடைசிக் குழந்தை அவள். 2014 மார்ச் 27 அன்று இந்தியா உட்பட்ட தென்கிழக்கு ஆசிய மண்டலம் போலியோ அற்றதாகச் சான்றளிக்கப்பட்டது.

கதையை இங்கே முடித்தால் அழகாக இருக்கும். ஆனால் வரலாறு அப்படி முடிவதில்லை. சொட்டு மருந்தில் இருப்பது வலுவிழக்கச் செய்யப்பட்ட உயிருள்ள வைரஸ். மிக அரிதாக அது குடித்த குழந்தைக்கே வாதம் தரும். தடுப்பு மருந்து போதிய அளவில் எட்டாத இடங்களில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவி, மாறி, இழந்த வலுவை மீட்டுக்கொள்வதும் உண்டு. ஜேக்கப் ஜானே இதைப் பல ஆண்டுகள் சுட்டிக்காட்டி, ஊசி மருந்தைச் சேர்க்குமாறு வாதிட்டவர். 2015 நவம்பரில் இந்தியா அதைத் திட்டத்தில் சேர்த்தது. 2016 ஏப்ரலில் இரண்டாம் வகை வைரஸ் சொட்டு மருந்திலிருந்து நீக்கப்பட்டது. 2024இல் மேகாலயத்தின் கேரோ மலைப்பகுதியில் ஒரு குழந்தைக்கும், காசாவில் ஒரு குழந்தைக்கும் மருந்திலிருந்து பிறந்த வைரஸால் வாதம் வந்ததைச் செய்தித்தாள்களில் படித்தோம். இயற்கை வைரஸ் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் இன்னும் ஒழியவில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடவேண்டும். ஊசி காலை முடக்கியது, போலியோ வைரஸ் ஏற்கெனவே உடம்பில் இருந்த குழந்தைகளை. அந்த வைரஸ் இல்லாத ஊரில் எந்தத் தடுப்பூசிக்கும் அப்படியொரு ஆற்றல் கிடையாது. இன்று பச்சிளங்குழந்தைக்குப் போடப்படும் போலியோ ஊசியில் இருப்பது கொல்லப்பட்ட வைரஸ், அதனால் வாதம் வராது. பழி தேவையற்ற ஊசிக்கு உரியது. தேவையான ஊசிக்கு அதைச் சுமத்தினால் மீண்டும் கால்கள்தான் போகும்.

*

நோய் போய்விட்டது, அது தொட்டவர்கள் இருக்கிறார்கள். உடல் ஊனமுற்றோருக்கான முதல் விரிவான சட்டத்தை இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றியதும் அதே 1995இல்தான். என் நண்பனுக்குத் தொலைபேசி பூத் ஒன்று கிடைத்தது. எஸ்.டி.டி. என்று மஞ்சள் பலகை வைத்த அந்தச் சின்ன அறையில் உட்கார்ந்து அவன் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றினான். கைபேசி வந்ததும் பூத் போய், ஜெராக்ஸ் கடையானது.

சில ஆண்டுகளுக்கு முன் பார்த்தபோது, நல்ல கால் என்று நினைத்திருந்த இடது காலும் தளர்கிறது, சீக்கிரமே களைத்துவிடுகிறது என்றான். வயதாகிறது என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். இதற்கும் மருத்துவத்தில் பெயர் இருக்கிறது, போலியோவுக்குப் பிந்தைய தளர்ச்சி. வைரஸ் வந்த நாட்களில் சில நரம்பணுக்கள் செத்தபோது, தப்பிய நரம்பணுக்கள் புதிய கிளைகளை விட்டு, ஆதரவிழந்த தசையிழைகளையும் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டன. வாதம் கண்ட குழந்தைகள் முதல் ஓரிரு ஆண்டுகளில் ஓரளவு தேறுவது இதனால்தான். பல மடங்கு சுமையை முப்பது நாற்பது ஆண்டுகள் சுமந்த அந்த நரம்பணுக்கள் கடைசியில் ஓய்ந்துபோகின்றன. வாதம் எட்டிப்பார்க்காதது போலத் தோன்றிய காலிலும் சில நரம்பணுக்கள் அன்றே செத்திருக்கலாம். இந்தத் தலைமுறை நம்மிடையே முதுமையடைந்துகொண்டிருக்கிறது. இவர்களுடைய பழைய நோயைப் பார்த்தறியாத இளம் மருத்துவர்களிடம்தான் இவர்கள் இனிப் போகவேண்டியிருக்கிறது.

அன்று பெரியம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கண் சரியாகத் தெரியவில்லை, குரலை வைத்து என்னை அடையாளம் கண்டுகொண்டார். நான் படித்ததையெல்லாம் அவருக்குப் புரியும்படி சொல்ல முயன்றேன். நீங்கள் சொன்னதில் உண்மை இருந்தது பெரியம்மா, ஊசிக்கும் காலுக்கும் சம்பந்தம் உண்டு, நான்தான் அன்றைக்குத் தெரியாமல் பேசிவிட்டேன். ஆனால் கிருமி முன்பே உள்ளே இருந்தது. அது ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்குள்ளும் போய் வந்தது, எனக்குள்ளும்தான். ஊசி போடாமலிருந்தால் கால் தப்பியிருக்குமா என்பதை எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடாத தாய் உண்டா? அந்தக் காய்ச்சலுக்கு ஊசி போடக்கூடாது என்று தெரிந்தவர்கள் வெளிநாட்டில் 1950லேயே இருந்தார்கள். அது நம் ஊர் வரைக்கும் வந்து சேரவில்லை. அது உங்கள் தப்பில்லை.

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப உனக்கும் அது வந்துச்சாப்பா?" என்று கேட்டார். வந்திருக்கும் பெரியம்மா, எனக்கு ஒன்றும் செய்யாமல் போய்விட்டது என்றேன். கையை நீட்டி என் காலைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கட்டும்" என்றார்.